சோலார் பம்ப்செட்: சுவிட்ச் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

சோலார் பம்ப்செட் வைத்திருக்கும் விவசாயிகள் பேனலைத் துடைக்கிறார்கள், மோட்டாரைக் கவனிக்கிறார்கள். பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் நடுவில் இருக்கும் டி.சி. ஐசொலேட்டர் சுவிட்சைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. அது பழுதானால், கடையில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண மெயின் சுவிட்சையோ வீட்டு எம்.சி.பி.யையோ மாட்டிவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஏ.சி. சுவிட்ச் ஏன் ஆகாது?

மின்கம்பத்திலிருந்து வரும் ஏ.சி. மின்சாரம் வினாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புகிறது. சுவிட்சை அணைக்கும்போது முனைகளுக்கு இடையே எழும் தீப்பொறி அந்தக் கணத்தில் அடங்கிவிடும். பேனல் தரும் டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது. முனைகள் பிரிந்த பிறகும் பொறி நீடித்து, சுவிட்சை உருக்கி, பெட்டியையே எரித்துவிடும். டி.சி.க்கென்று செய்த ஐசொலேட்டரில், கைப்பிடியை மெதுவாகத் திருப்பினாலும் உள்ளே உள்ள ஸ்பிரிங் முனைகளை வேகமாகப் பிரித்து பொறியை அறுத்துவிடும்.

வோல்ட் கணக்கு

ஆம்பியரை மட்டும் கேட்டு சுவிட்ச் வாங்கக் கூடாது. உதாரணமாக, 5 எச்.பி. பம்ப்செட்டுக்கு 15 பேனல்கள் ஒரே தொடர் இணைப்பில் உள்ளதாகக் கொள்வோம். பேனலின் பின்புற லேபிளில் 'வி.ஓ.சி.' 46 வோல்ட், 'ஐ.எஸ்.சி.' 9 ஆம்பியர் என்று இருந்தால், மொத்தம் 15 x 46 = 690 வோல்ட். இது 25 டிகிரி செல்சியசுக்கான அளவு. குளிர் கூடினால் டிகிரிக்கு சுமார் 0.3 சதவீதம் வோல்ட் ஏறும். பேனல் 10 டிகிரிக்குக் குளிரும் மலைப்பகுதிக் காலையில் இது சுமார் 720 வோல்ட் ஆகிவிடும். எனவே 1000 வோல்ட் டி.சி. சுவிட்ச் வேண்டும்.

ஆம்பியருக்கு ஐ.எஸ்.சி.யை 1.25 ஆல் பெருக்குங்கள். 9 x 1.25 = 11.25. ஆகவே 16 ஆம்பியர் போதும். பல வரிசைகளை இணையாகச் சேர்த்திருந்தால் அவற்றின் ஆம்பியரைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வோல்ட் ஏற ஏற ஒரே சுவிட்ச் தாங்கும் ஆம்பியர் குறையும். அதனால் சுவிட்சின் அட்டவணையில் உங்கள் வோல்ட்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பாருங்கள்.

சுவிட்சின் மீது ஐ.இ.சி. 60947-3 என்ற தர எண்ணும், டி.சி.-பி.வி.1 அல்லது டி.சி.-பி.வி.2 என்ற வகையும் இருக்க வேண்டும். வெளியில் பொருத்த ஐ.பி.65 தரப் பெட்டி அவசியம்.

வயரிங்கில் கவனம்

* பிளஸ், மைனஸ் இரண்டு வயர்களையும் சுவிட்ச் துண்டிக்க வேண்டும். ஒன்றை மட்டும் துண்டிப்பது பாதுகாப்பல்ல.

* சில 4 போல் சுவிட்சுகளில், போல்களைத் தொடராக இணைத்தால்தான் 1000 வோல்ட் தாங்கும். உறையில் உள்ள படத்தின்படியே இணைக்க வேண்டும்.

* சில டி.சி. எம்.சி.பி.களில் பிளஸ், மைனஸ் குறித்திருக்கும். மாற்றி இணைத்தால் பொறி அணையாது.

* வெயில் தாங்கும் சோலார் கேபிளையே பயன்படுத்துங்கள். வயர் பெட்டிக்குள் கீழ்ப்பக்கமாக, கிளாண்ட் வழியே நுழைந்தால் மழைநீர் இறங்காது.

* திருகு தளர்ந்தால் முனை சூடேறிக் கருகும். ஆண்டுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன் எலக்ட்ரீசியனை வைத்து இறுக்கிக்கொள்ளுங்கள்.

* நேரடி வெயில் படாத, கை எட்டும் இடத்தில் பொருத்துங்கள். சூடு கூடினால் சுவிட்சின் திறன் குறையும்.

அணைக்கும் வரிசை

முதலில் கண்ட்ரோலரில் மோட்டாரை நிறுத்துங்கள். பிறகு ஐசொலேட்டரைத் திருப்புங்கள். மோட்டார் ஓடும்போது பேனல் கனெக்டரைப் பிடுங்கினால் கையிலேயே பொறி வெடிக்கும். கண்ட்ரோலருக்குள் உள்ள கெபாசிட்டர்களில் மின்சாரம் சிறிது நேரம் தேங்கி நிற்கும். அதன் மீது குறித்துள்ள நிமிடங்கள் கழிந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும்.

ஐசொலேட்டரை அணைத்தாலும் பேனல் பக்கத்து வயரில் மின்சாரம் இருக்கும். வெயில் உள்ளவரை அதை யாராலும் நிறுத்த முடியாது. பெட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல், விலகி நின்று தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழையுங்கள். சோலார் பேனல் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பிரதமரின் குசும் திட்டத்தில் மானியம் பெற்று அமைத்த பம்ப்செட்டுகளை 5 ஆண்டுகள் பராமரிக்க வேண்டியது, அமைத்துத் தந்த நிறுவனத்தின் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் சுவிட்ச் பழுதானால் நீங்களே மாற்றாமல் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். காலம் முடிந்தவர்கள் கடைக்குப் போகும் முன் பேனல் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள இரண்டு எண்களைக் காட்டி, 'டி.சி. ஐசொலேட்டர்' என்றே கேட்டு வாங்குங்கள்.