எண்கள் இடம் மாறுவதில்லை

பைத்தானின் நம்பை நூலகத்தில் ரீஷேப் என்ற கட்டளையின் பெயரைக் கேட்டால், எண்களைப் பெயர்த்து வேறு விதமாக அடுக்கும் வேலை என்று தோன்றும். பெரும்பாலும் ஒரு எண்கூட அசைவதில்லை. எத்தனை பரிமாண அணியானாலும் நினைவகத்தில் அது ஒற்றை வரிசைதான். பரிமாணங்கள் அந்த வரிசையைப் படிக்கும் முறை மட்டுமே. அடுத்த நிரைக்குப் போக எத்தனை பைட் தாண்ட வேண்டும், அடுத்த நிரலுக்கு எத்தனை என்பதை ஸ்ட்ரைடு என்ற குறிப்பு சொல்கிறது. ஒவ்வொன்றும் 8 பைட் பிடிக்கும் 1 முதல் 6 வரையிலான எண்களை 2×3 அணியாக வைத்தால் தாண்டல்கள் 24, 8. அதையே 3×2 ஆக ரீஷேப் செய்தால் 16, 8. மாறியது இந்தக் குறிப்புதான். எண்கள் பத்துக் கோடி இருந்தாலும் வேலை இவ்வளவே.

இந்தச் சிக்கனத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. ரீஷேப் தரும் நிரைகள் 1 2, 3 4, 5 6. மூல 2×3 அணியை நிரை நிரல் மாற்றினாலும் 3×2 அணிதான் கிடைக்கும், ஆனால் நிரைகள் 1 4, 2 5, 3 6. உயரம், அகலம், நிறம் என்றிருக்கும் படத்தை நிறம், உயரம், அகலம் என்றாக்க அச்சுகளை இடம் மாற்ற வேண்டும். அங்கே ரீஷேப் போட்டால் படம் சிதறும், பிழைச்செய்தி வராது. இன்னொரு வேடிக்கை: நிரை நிரல் மாற்றிய அணியை ஒற்றை வரிசையாக்கச் சொன்னால் 1 4 2 5 3 6 வேண்டும். 1-லிருந்து 4-க்கு 24 பைட் முன்னே, 4-லிருந்து 2-க்கு 16 பைட் பின்னே. இதற்கு ஒரே அளவான தாண்டல் கிடையாது. எனவே நம்பை சத்தமில்லாமல் நகல் எடுத்துவிடும். வழக்கமாக ரீஷேப் செய்த அணியில் ஓர் எண்ணை மாற்றினால் மூல அணியிலும் மாறும், இங்கே மாறாது.

நினைவக அடுக்கு நூலகத்தின் கவலை, பயனருக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எல்லா மொழிகளும் ஒரே விதமாக அடுக்கினால் அது நியாயம். 1957-இல் வந்த ஃபோர்ட்ரான் நிரல் நிரலாக அடுக்குகிறது. மேட்லாப், ஆர், ஜூலியா அதன் வழி. சி மொழியும், வேறு சொல்லாதவரை நம்பையும், நிரை நிரையாக. ஆகவே ஒரே ரீஷேப் மேட்லாபில் ஒன்றும் நம்பையில் வேறொன்றும் தரும். எக்ஸ்அர்ரே நூலகம் போல அச்சுகளுக்குப் பெயர் வைப்பது நல்ல மருந்துதான். பலருடைய பழக்கம் வேறு. பிழை மறையும்வரை ரீஷேப்பின் அளவுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள், அதுவும் முடியாதபோது -1. ‘இந்த அளவை நீயே கணக்கிட்டுக்கொள்’ என்பது அதன் பொருள். ரீஷேப் சரிபார்ப்பது மொத்த எண்ணிக்கையை மட்டுமே. -1 அதையும் தளர்த்திவிடுகிறது. 28×28 அளவுள்ள 100 படங்களை -1, 784 என்று கேட்க வேண்டிய இடத்தில் -1, 392 என்று கேட்டுவிட்டால் நம்பை மறுப்பதில்லை, 200 அரைப்படங்களைக் கொடுத்துவிடும்.