கடைசி நூறு மீட்டரில் என்ன நடக்கிறது?

திருச்சி அண்ணா விளையாட்டரங்கில் செயற்கை ஓடுதளத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். பள்ளிப் பிள்ளைகள் அந்த ஒரு சுற்றை ஓடும்போது கேலரியில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். கடைசி வளைவைத் தாண்டி நேர்கோட்டில் நுழைந்ததும் ஒருவர் மட்டும் திடீரென்று வேகம் எடுத்து மற்றவர்களைப் பின்னால் தள்ளிவிட்டுப் போவதுபோல் தோன்றும்.

அது கண் செய்யும் ஏமாற்று. அங்கே யாரும் வேகம் எடுப்பதில்லை. உலகச் சாம்பியனே ஓடினாலும் 400 மீட்டரின் கடைசி 100 மீட்டரில் வேகம் குறையத்தான் செய்யும். தசையில் தயாராக இருக்கும் ஆற்றல் முதல் சில வினாடிகளிலேயே தீர்ந்துபோகிறது. அதன்பிறகு போதிய ஆக்ஸிஜன் இல்லாமலேயே உடல் ஆற்றலை உண்டாக்குகிறது. தசையில் அமிலத்தன்மை ஏறி, கால்கள் கல்லாகக் கனக்கின்றன. ஓடும் எட்டுப் பேருக்கும் வேகம் குறைகிறது. யாருக்கு மிகக் குறைவாகக் குறைகிறதோ, அவர் ஜெயிக்கிறார்.

'விளையாட்டு வீரரின் மனநிலை' என்று பேச்சாளர்கள் மேடையில் சொல்வதற்கும், ஓடுதளத்தில் உண்மையில் நடப்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான். வெறி, தீ, ஆவேசம் இவையெல்லாம் முதல் 100 மீட்டருக்குப் போதும். கால் கனக்கப்போகிறது என்று முன்பே தெரிந்து, அதற்கென்று மாதக்கணக்கில் தயாராவதே வீரரின் மனநிலை. இதைத் தேர்வு எழுதுபவரும், கடை நடத்துபவரும், நடுவயதில் புதுத் தொழில் கற்பவரும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

நம் மாவட்டத்து ஓட்டக்காரர்கள்

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. லால்குடியைச் சேர்ந்த ஆரோக்கிய ராஜீவ், முதலில் நீளம் தாண்டுபவராக இருந்து, ராணுவத்தில் சேர்ந்தபின் 400 மீட்டருக்கு மாறியவர். 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் வெண்கலம் வென்றார். 2017இல் அர்ஜுனா விருது பெற்றார். திருவெறும்பூரைச் சேர்ந்த சுபா வெங்கடேசன், டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகத் தொடர் ஓட்டம் ஓடியவர். திருச்சி ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்த ராஜேஷ் ரமேஷ், 2023இல் புடாபெஸ்ட் உலகத் தடகளப் போட்டியில் இந்தியத் தொடர் ஓட்ட அணியின் கடைசிக் கட்டத்தை ஓடியவர். மூவரும் 400 மீட்டர்க்காரர்கள்.

முதல் பாடம்: எதை அளப்பது?

ராஜீவின் வாழ்க்கையில் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2014 இஞ்சியோனில் அவர் ஓடிய நேரம் 45.92 வினாடி, கிடைத்தது வெண்கலம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 45.84 வினாடி. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஓடியதைவிட வேகமாகத்தான் ஓடினார். ஆனால் கிடைத்தது நான்காம் இடம்.

நன்றாக ஓடிய ஆண்டில் பதக்கம் இல்லை. காரணம் எளிது. பக்கத்து வரிசையில் யார் ஓடுகிறார், அவர் அன்று எப்படி ஓடுகிறார் என்பது நம் கையில் இல்லை. நம் நேரம் மட்டுமே நம் கையில் இருக்கிறது.

விளையாட்டு உளவியலில் இலக்குகளை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலாவது, முடிவு இலக்கு: பதக்கம், ரேங்க், பதவி உயர்வு. இரண்டாவது, தர இலக்கு: இத்தனை வினாடிக்குள் ஓடுவது, மாதிரித் தேர்வில் இத்தனை மதிப்பெண் எடுப்பது. மூன்றாவது, செயல் இலக்கு: இன்று காலை என்ன செய்தேன் என்பது. முதலாவது பாதிக்கு மேல் பிறர் கையில் இருக்கிறது. மூன்றாவது முழுக்க நம் கையில்.

குரூப் 2 தேர்வுக்குப் படிப்பவரை எடுத்துக்கொள்வோம். "இந்த முறை பாஸ் பண்ணியே ஆகணும்" என்பது முடிவு இலக்கு. அதைச் சுவரில் எழுதி ஒட்டினால் பயம்தான் வளரும். "மாதிரித் தேர்வில் இந்த மாதம் போன மாதத்தைவிட பத்துக் கேள்வி அதிகம்" என்பது தர இலக்கு. "இன்று ஐம்பது கேள்வி, தப்பான ஒவ்வொன்றுக்கும் ஏன் தப்பு என்று ஒரு வரி" என்பது செயல் இலக்கு. முதலாவதை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டு, மூன்றாவதை அன்றாடம் நோட்டில் எழுதுபவரிடம் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

இரண்டாம் பாடம்: முன்னேற்றம் மிகச் சிறியது

2021 ஆகஸ்ட் 6, டோக்கியோ ஒலிம்பிக். முகமது அனஸ், நோவா நிர்மல் டாம், ஆரோக்கிய ராஜீவ், அமோஜ் ஜேக்கப் நால்வரும் 4x400 மீட்டர் தகுதிச் சுற்றை 3 நிமிடம் 0.25 வினாடியில் முடித்தார்கள். அது அன்றைய ஆசிய சாதனை. ஆனாலும் தங்கள் சுற்றில் நான்காவதாக வந்ததால் இறுதிப் போட்டிக்குப் போக முடியவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் அனஸ், அமோஜ், முகமது அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஓடிய நேரம் 2 நிமிடம் 59.05 வினாடி. மீண்டும் ஆசிய சாதனை. தகுதிச் சுற்றில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம். இறுதிப் போட்டியில் உலகில் ஐந்தாமிடம். அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அந்த நால்வருக்கே தங்கம்.

டோக்கியோவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையே இந்திய அணி குறைத்தது 1.20 வினாடி. நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்குச் சராசரியாக 0.3 வினாடி. ஒரு முறை கண் இமைப்பதற்கு ஆகும் நேரம்! இறுதிப் போட்டிக்கு வெளியே நிற்பதற்கும் உலகில் ஐந்தாமிடத்துக்கும் இடையே இருந்தது அவ்வளவுதான்.

இந்த அளவை மனத்தில் வாங்கிக்கொண்டால் பலருடைய ஏமாற்றம் குறையும். ஒரு மாதம் முயன்றுவிட்டு "எதுவுமே மாறலையே" என்று விட்டுவிடுகிறோம். மாறியிருக்கும். அதைப் பார்க்க ஓட்டக்காரரிடம் ஸ்டாப் வாட்ச் இருக்கிறது, நம்மிடம் இல்லை. நமக்கு நாமே ஒன்றைச் செய்துகொள்ள வேண்டும். ஒரு நோட்டும் தேதியும் போதும்.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இப்படிச் சிறிது சிறிதாக முன்னேறுவது புதிதல்ல. திவ்யப் பிரபந்தம் கற்கும் முறைக்கு 'சந்தை' என்று பெயர். ஆசிரியர் ஒரு முறை சொல்ல, மாணவர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். நாலாயிரம் பாசுரமும் இப்படித்தான் நெஞ்சில் ஏறுகிறது. எப்போது முடியும் என்ற கணக்கோடு யாரும் சந்தைக்கு உட்காருவதில்லை. இன்றைய அடி சரியாக வந்ததா என்பதே கேள்வி. ஓடுதளத்தில் பயிற்சியாளர் கேட்பதும் அதேதான்.

மூன்றாம் பாடம்: கனக்கப்போகும் காலுக்கு முன்கூட்டியே ஒரு வேலை

களைத்த ஓட்டக்காரரின் உடலைக் கவனியுங்கள். தோள் மேலே ஏறும், கை இறுகி முஷ்டியாகும், தாடை கெட்டிப்படும். பயிற்சியாளர் அப்போது "வேகமா ஓடு" என்று சொல்லிப் பயனில்லை. "தோளை இறக்கு, கையை வீசு" என்பார். களைத்த மனத்தால் பெரிய கட்டளையை நிறைவேற்ற முடியாது. சிறிய ஒரு செயலைச் செய்ய முடியும்.

இதையே உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் பொதுவாழ்க்கைக்கும் பொருந்தும்படி ஆராய்ந்தார். "இப்படி நடந்தால், அப்போது இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பவர்கள், வெறும் ஆசையோடு இருப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். தேர்வறையில் தொடர்ந்து மூன்று கேள்வி தெரியவில்லையா? பேனாவைக் கீழே வைத்து, மூச்சை ஒருமுறை நிதானமாக விட்டு, அடுத்த பக்கத்துக்குப் போவது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். பெரிய கடைவீதியில் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் சுருங்கும் மாதம் எது என்று தெரியும். அந்த மாதம் வந்தபின் கலங்குவதைவிட, அதில் செய்ய வேண்டிய இரண்டு வேலையை இப்போதே எழுதிவைப்பது நல்லது.

தோற்ற பிறகு என்ன செய்வது என்பதற்கும் இதே விதிதான். 2021 ஜூலை 30 அன்று ராஜீவும் சுபாவும், அனஸ், ரேவதி வீரமணியோடு டோக்கியோவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடினார்கள். தங்கள் சுற்றில் கடைசி இடம். சரியாக ஒரு வாரம் கழித்து ராஜீவ் ஓடியதுதான் மேலே சொன்ன ஆசிய சாதனை. சுபா 2023 ஹாங்சோவில் இரண்டு தொடர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார். சென்னையின் குகேஷும் 2024இல் சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்கச் சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்தைத் தோற்றவர்; மூன்றாவதை வென்று, பதினான்காவதில் பட்டத்தையே பிடித்தார். தோல்வியை இவர்கள் மறந்துவிடவில்லை. அதிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு அடுத்த நாளின் வேலைக்குத் திரும்பினார்கள்.

நான்காம் பாடம்: ஓய்வும் பயிற்சியில் சேர்த்தி

உடல் பலம் பெறுவது ஓடும்போது அல்ல, ஓடியபின் ஓய்வெடுக்கும்போது. அதனால் வீரரின் வாரத்தில் கடினமான நாளும் லேசான நாளும் மாறி மாறி வரும். போட்டி நெருங்கும்போது பயிற்சியின் அளவைக் குறைப்பார்கள். நம் பிள்ளைகளோ தேர்வு நெருங்க நெருங்கத் தூக்கத்தைக் குறைக்கிறார்கள். படித்தது மூளையில் உறுதியாகப் பதியத் தூக்கம் வேண்டும். வாரத்தில் ஒரு மாலையை அம்மா மண்டபத்துப் படியில் காவிரியைப் பார்த்துக்கொண்டு கழிப்பது சோம்பல் ஆகாது.

ஐந்தாம் பாடம்: கோலை வாங்குபவர்

4x400 தொடர் ஓட்டத்தில் ஒருவர் கை மாற்றித் தரும் கோலை வாங்கக் காத்திருப்பவர் பின்னால் திரும்பிப் பார்த்தபடி நிற்பார். ஓடி வருபவர் களைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் களைப்புக்கு ஏற்பத் தன் வேகத்தை அமைத்துக்கொண்டு, கையை நீட்டிக் கோலை வாங்குவது அவர் பொறுப்பு. நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. களைத்து வரும் பிள்ளையிடம் பக்கத்து வீட்டுப் பையனின் மதிப்பெண்ணைச் சொல்கிறோம். ஒருவரின் வெற்றிக்குப் பின்னால் கோல் வாங்கும் கைகள் சில இருந்தே தீரும். உங்களுக்கு யார் அப்படி, நீங்கள் யாருக்கு அப்படி என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை

மனநிலை மட்டும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. ஓட நல்ல தளம் வேண்டும், சாப்பாடு வேண்டும், காயத்துக்கு மருத்துவம் வேண்டும். ராஜீவுக்கு ராணுவமும் ராஜேஷுக்கு ரயில்வேயும் சம்பளத்தோடு வேலை தந்தன. வசதி இல்லாமல் பின்தங்கும் ஒருவரை "உனக்கு மனவுறுதி இல்லை" என்று சொல்வது அநியாயம்.

இன்னொன்று, குறுக்கு வழி. 2018 ஜகார்த்தாவில் ராஜீவ் கடைசிக் கட்டம் ஓடிய கலப்புத் தொடர் ஓட்ட அணிக்கு அன்று கிடைத்தது வெள்ளி. தங்கம் வென்ற பஹ்ரைன் அணியின் வீராங்கனை ஊக்கமருந்துக்காகத் தடை செய்யப்பட, பின்னர் அந்தத் தங்கம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. நேர்மையாக ஓடிய நேரம் அப்படியே நின்றது.

இன்று இரவு ஒரு நோட்டை எடுத்து மூன்று வரி எழுதுங்கள். நாளை நான் செய்யப்போகும் ஒரே ஒரு வேலை. அதை எதைக்கொண்டு அளப்பேன். நடுவில் மனம் சோர்ந்தால் அப்போது என்ன செய்வேன். முப்பது நாள் விடாமல் எழுதிவிட்டு, முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கால் கனக்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்பது உங்கள் கையெழுத்திலேயே அங்கே எழுதியிருக்கும்.