வலை இழுத்த பாட்டு!

குட்டீஸ்! உங்கள் வீட்டில் எப்போதாவது பீரோவை இடம் மாற்றியிருக்கிறீர்களா? அப்பா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், நடுவில் நீங்கள். ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் பீரோ அசையவே அசையாது. "ம்... ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்று யாராவது குரல் கொடுத்தால் போதும், 'கிறீச்' என்று நகர்ந்துவிடும். அதே ஆட்கள், அதே பலம். கூடுதலாகச் சேர்ந்தது அந்தக் குரல்தான்.

பீரோவுக்கே இப்படி என்றால், கடலுக்குள் கிடக்கும் பெரிய வலைக்கு?

தூத்துக்குடி கடற்கரையில் கரைவலை என்று ஒரு மீன்பிடி முறை உண்டு. வள்ளத்தில் வலையை ஏற்றிக்கொண்டு போய், கடலில் அரை வட்டமாக இறக்கிவிட்டு வருவார்கள். வலையின் நடுவில் பெரிய பை இருக்கும். அதற்கு 'மடி' என்று பெயர். வலையின் இரண்டு முனைகளிலும் கட்டிய நீளமான கயிறுகள் கரைக்கு வந்து சேரும். ஒவ்வொரு கயிற்றையும் ஒரு கூட்டம் பிடித்துக்கொள்ளும். தாத்தா, அப்பா, அண்ணன், பக்கத்து வீட்டு மாமா எல்லாரும் வரிசையாக நின்று, குதிகாலை மணலில் ஊன்றி, இழு இழு என்று இழுப்பார்கள். மடி கரைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். ஒரு பக்கம் வேகமாகவும் ஒரு பக்கம் மெதுவாகவும் இழுத்தால், வலை கோணிக்கொண்டு மீன் தப்பிவிடும்.

இத்தனை பேரையும் ஒரே நேரத்தில் இழுக்க வைக்க மைக் கிடையாது, விசில் கிடையாது. பாட்டு மட்டும்தான்!

குரல் வளம் உள்ள ஒருவர் ஒரு வரியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் "ஏலேலோ" என்றோ "ஐலசா" என்றோ பதில் கொடுப்பார்கள். சும்மா சொல்வதில்லை. 'ஐ... ல...' என்னும்போது மூச்சைப் பிடித்து, 'சா' என்னும்போது ஒரே இழுப்பு! நீங்களும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். 'சா' வரும்போது உங்கள் கை தானாகவே பின்னால் போகிறதா, இல்லையா?

இந்தப் பாட்டுக்கு மீனவர்கள் வைத்திருக்கும் பெயர் 'அம்பா'. வலை தூரத்தில் இருக்கும்போது அம்பா மெதுவாக, இழுத்து இழுத்துப் போகும். மடி கரையை நெருங்க நெருங்க வேகம் பிடிக்கும். வரிகளை யாரும் எழுதி வைத்துப் படிப்பதில்லை. மாதாவைக் கூப்பிடுவார்கள். சாமியை வேண்டுவார்கள். சோம்பலாக இழுப்பவரைக் கிண்டல் செய்தும் ஒரு வரி வந்து விழும்.

'ஏலேலோ' எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். திருவள்ளுவருக்கு ஏலேலசிங்கன் என்று ஒரு நண்பராம். பெரிய கடல் வணிகராம். அவர் பெயரைச் சொல்லிப் பாடியதுதான் ஏலேலோ ஆனதாம்! நல்ல கதைதான். ஆனால், ஆதாரம் கேட்காதீர்கள்.

வலைக்கு மட்டும் இல்லை, துடுப்புப் போடவும் சரக்கு ஏற்றவும்கூடப் பாட்டு உண்டு. அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் குறைவு. பெரிய கப்பல்கள் சில மைல் தூரத்தில் கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டைகளைத் தோணிகள்தான் கொண்டு சேர்க்கும். பிறகு ஆழமான புதிய துறைமுகம் வந்தது. 1974இல் அது பெருந்துறைமுகம் ஆனது. 2011இல் கப்பலோட்டிய தமிழரின் பெயரைப் பெற்று வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆனது. இன்று அங்கே லாரி நீளத்துக்கு இருக்கும் இரும்புப் பெட்டிகளைக் கிரேன் தூக்குகிறது. கிரேனுக்குப் பாட்டு தேவையில்லையே!

முத்துக்குளிப்பு மட்டும் இதில் வேறு மாதிரி. நள்ளிரவில் கரையிலிருந்து வீசும் காற்றில் பாய் விரித்துப் புறப்பட்டு, விடியும்போது முத்துச்சிப்பி கிடக்கும் 'பார்' என்ற இடத்துக்குப் போய்விடுவார்கள். குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிய கயிற்றோடு மூச்சடக்கி இறங்குவார். தண்ணீருக்கு அடியில் பாட முடியுமா? அங்கே கயிறுதான் பேசும். அவர் கயிற்றை அசைத்தால், "தூக்கு" என்று அர்த்தம். மேலே இருப்பவர் ஒரு நொடிகூடக் கவனம் சிதறக் கூடாது. தூத்துக்குடியின் கடைசி பெரிய முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது.

வலைக்குத் திரும்புவோம். எஞ்சின் படகுகள் வந்தன. துடுப்பு ஓய்ந்தது. கரைவலை குறைந்தது. இழுக்க ஆள் இல்லாதபோது அம்பா யாருக்கு? எஞ்சின் சத்தத்தில் பாடினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

ஆனால், பாட்டு வேறு வழியில் வெளியே வந்தது. சினிமா! 1964இல் வந்த 'படகோட்டி', எம்.ஜி.ஆர். மீனவராக நடித்த படம். விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை, பாட்டு எல்லாம் வாலி. 2013இல் மணிரத்னத்தின் 'கடல்' வந்தது. அதன் காட்சிகளைத் திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள மணப்பாட்டில் எடுத்தார்கள். ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்து அவரே பாடிய 'ஏலே கீச்சான்' உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுதியவர் மதன் கார்க்கி. கீச்சான் யார் தெரியுமா? ஒரு மீன்! பிடித்துக் கையில் எடுத்தால் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையால் சத்தம் எழுப்பும். பெயர் பொருத்தமாக இல்லை?

கிடாரோடு கடற்கரைப் பேச்சு சேர்ந்து வரும் அந்தப் பாட்டு எனக்கும் பிடிக்கும். ஒரே ஒரு குறை. அதைச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே கேட்கலாம். அம்பாவை அப்படிக் கேட்க முடியாது. கை சும்மா இருக்காது.

இந்தக் குறையை ஒரு நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சரிசெய்துவிட்டார்கள். முத்து வளர்ப்பில் பெயர் வாங்கிய ஜப்பான்தான் அந்த நாடு!

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ என்ற குளிர்த் தீவு. அங்கே ஹெரிங் என்ற மீன் கூட்டம் கூட்டமாக வரும். நம் சாளைக்குச் சொந்தக்கார மீன்தான். துடுப்புப் போட ஒரு பாட்டு, வலை தூக்க ஒரு பாட்டு, மீனை நீளக் கைப்பிடி வலையால் அள்ள ஒரு பாட்டு என்று மீனவர்கள் பாடினார்கள். அள்ளும் பாட்டின் பெயர் 'சோரான் புஷி'. இடையிடையே 'சோரான், சோரான்' என்று குரல் வரும். நம் ஏலேலோ மாதிரியே!

1950களில் அந்த மீன் வரத்தே ஏறக்குறைய நின்றுபோனது. வேலை போனது. பாட்டு மட்டும் மிஞ்சியது. 1980களின் கடைசியில் தகியோ இட்டோ என்ற பாடகர், ஷாமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியத்தோடு மின்சார கிடாரையும் டிரம்ஸையும் சேர்த்து, அதே பாட்டை அதிரடியாகப் பாடினார்.

அடுத்துதான் வேடிக்கை. வக்கனாய் என்பது ஜப்பானின் வடகோடி நகரம். அங்கே ஒரு நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளின் அடாவடியில் ஆசிரியர்கள் திண்டாடிய பள்ளியாம். அங்கே அந்தப் பாட்டுக்கு ஓர் ஆட்டம் அமைத்தார்கள். இடுப்பை நன்றாகத் தாழ்த்தி, காலை அகட்டி, இல்லாத கயிற்றை இழுக்க வேண்டும். இல்லாத மீனை அள்ளித் தோளுக்கு மேல் வீச வேண்டும். அலை மாதிரி எழுந்து விழ வேண்டும். ஒருவர் பிந்தினாலும் பளிச்சென்று தெரிந்துவிடும். 1990களில் அது நாடு முழுக்கப் பரவியது. இன்று ஜப்பானில் எத்தனையோ பள்ளிகளின் விளையாட்டு விழாக்களில் இந்த ஆட்டம் உண்டு. ஹெரிங் மீனை வலையில் பார்த்தே இராத பிள்ளைகள், தாத்தாக்கள் இழுத்த மாதிரியே இழுக்கிறார்கள். ஆடி முடித்ததும் தொடை வலிக்குமாம். வலிக்காமல் இருக்குமா? வேலை அப்படி!

நம் அம்பாவுக்கு இன்னும் அப்படி ஓர் ஆட்டம் அமையவில்லை. ஆனால், வலை இழுத்த கைகள் நம் கடற்கரை ஊர்களில் இன்னும் இருக்கின்றன. திரேஸ்புரத்திலோ மணப்பாட்டிலோ உங்கள் சொந்தத்தில் ஒரு தாத்தா இருந்தால் கேட்டுப் பாருங்கள். வெறுமனே "பாடுங்க தாத்தா" என்றால், "அதெல்லாம் மறந்து போச்சுப்பா" என்று சொல்லிவிடலாம். ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு முனையை அவர் கையில் கொடுங்கள். மறுமுனையை நீங்கள் நாலைந்து பேர் பிடித்துக்கொண்டு, இழுக்கத் தயாராக நில்லுங்கள்.