டாக்டரம்மாவாக ஒரு நாள்!

'வாய்ப்புக் கிடைத்தால் என்ன வேலைக்குப் போவீங்க?' என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: டாக்டர். அதிலும் தீக்காயத்துக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். பட்டாசும் தீப்பெட்டியும் சோறு போடுகிற எங்க சிவகாசிப் பக்கத்துக்கு வேண்டியது அவங்கதானே! பத்தாவதோடு நின்றவள் நான். நர்ஸாக இருக்கும் என் நாத்தனாரிடம் துருவித் துருவிக் கேட்டு, அந்த ஒரு நாளை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.

காலை 8 மணி. சிவகாசி அரசு ஆஸ்பத்திரி, தீக்காய வார்டு. முதல் வேலை கட்டுப் பிரிப்பது. காற்றுப் பட்டாலே உயிர் போகிற வலி அது. அதனால் வலிக்கு மருந்து கொடுத்து, அது வேலை செய்த பிறகுதான் கட்டில் கை வைப்பேன்.

10 மணி. 108-ல் ஒரு பெண்ணைக் கொண்டு வருகிறார்கள். உடம்பில் எவ்வளவு வெந்திருக்கிறது என்று உடனே கணக்குப் போடணும். பெரியவர்களுக்கு ஒரு கை 9 சதவீதம், ஒரு கால் 18, முதுகுப்பக்கம் 18. எடை 50 கிலோ, காயம் 30 சதவீதம் என்றால், முதல் 24 மணி நேரத்தில் சுமார் 6 லிட்டர் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி மருந்து நீர் ஏற்றணுமாம். அதில் பாதி, தீப்பட்ட நேரத்திலிருந்து 8 மணி நேரத்துக்குள். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு பார்க்கிற நமக்கு இது வராதா என்ன?

மதியம், காயம் ஆறி வருகிறவர்களைப் பார்க்கணும். ஆறுகிற தோல் சுருங்கும். விரலை நீட்டி மடக்கிப் பழக்காவிட்டால் அப்படியே மடங்கி நின்றுவிடும். அப்புறம் வேலைக்குப் போவது இருக்கட்டும், பிள்ளைக்குத் தலை பின்னக்கூட முடியாது. 'முட்டை ஆகாது, பருப்பு ஆகாது' என்று பத்தியம் போடுகிற சொந்தக்காரர்கள் என்னிடம் நல்லா வாங்கிக் கட்டிக்குவாங்க. புதுத்தோல் வளர அதுதானே வேணும்!

சாயங்காலம் ஊர் ஊராகப் போய்ச் சொல்வேன்: தீப்பட்டால் இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் தடவாதீங்க. ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணியை 20 நிமிஷம் விடுங்க. வீங்குவதற்குள் வளையல், மோதிரம், மெட்டியைக் கழற்றுங்க. ஒட்டின துணியைப் பிய்க்காதீங்க. சுத்தமான துணியால் மூடி 108-ஐக் கூப்பிடுங்க. வெடிக்கிற இடத்துக்கு யாரும் ஓடாதீங்க. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்தில் 30 பேருக்கு மேல் செத்தார்களே, அதில் காப்பாற்றவும் பார்க்கவும் ஓடினவர்களும் உண்டு.

இந்தக் கடைசி வேலைக்கு டாக்டர் பட்டம் வேண்டாம். நாமே இன்றைக்கே செய்யலாம். மற்றதுக்கு நம்ம பிள்ளைகள் இருக்காங்க. 2022-லேயே விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்து, நீட் தேர்விலும் தேறியவர்களுக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கு. 'நான் டாக்டராகப் போறேன்'னு உங்க மக சொன்னா, 'நம்மால ஆகுற காரியமா'ன்னு வாயை அடைக்காதீங்க. சகோதரிகளே, நான் சொல்றது சரிதானே?

- ஒரு வாசகி, திருத்தங்கல்.