பஸ்ஸுக்கும் ஜுரம் வரும்!

“178!” என்றார் அந்த அம்மாள்.

டிரைவர் ஆசனத்தில் இருந்த கணவர் தலையை மட்டும் ஆட்டினார். வெளியே கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனம் ஜூலை மாத வெயிலில் தகித்துக் கொண்டிருந்தது. பேக்கர் என்ற சிற்றூரை அப்போதுதான் தாண்டியிருந்தோம். அந்த ஊரில் வானளாவ ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது. 1991-ல் எழுப்பியது, உயரம் 134 அடி. பக்கத்து மரணப் பள்ளத்தாக்கில் 1913-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி பதிவான 134 டிகிரி வெயிலின் ஞாபகார்த்தமாக, டிகிரிக்கு ஓர் அடி வீதம் உயர்த்தி விட்டார்கள். பிரயாணிகள் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக் கொள்கிறார்கள். எங்கள் அம்மாளோ அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அவர் கண் முழுவதும் டாஷ்போர்டில் இருந்த சிறிய முள்ளின் மேலேயே இருந்தது. எஞ்சினுக்குள் ஓடும் தண்ணீரின் உஷ்ணத்தைச் சொல்கிற முள் அது.

நான் ஏறியிருந்தது பஸ்தான். ஆனால் டிக்கெட் கிடையாது, கண்டக்டர் கிடையாது. ஐம்பது பேர் உட்கார வேண்டிய இடத்தில் கட்டிலும், சமையல் மேடையும், குளியல் அறையும், ஜன்னலோரம் இரண்டு துளசித் தொட்டிகள் மாதிரி ஏதோ செடித் தொட்டிகளும் இருந்தன. கணவர் ரெயில்வே ஆபீஸில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருந்த வீட்டை விற்று, பழைய பஸ் ஒன்றை வாங்கி, அதையே வீடாக்கிக் கொண்டு விட்டார்கள். அமெரிக்காவில் இது ஒன்றும் அதிசயமல்ல. பஸ் கம்பெனிகள் பல லட்சம் மைல் ஓட்டிக் கழிக்கிற வண்டிகளை வாங்கி வீடாக்குகிறவர்கள் அங்கே நெடுங்காலமாக உண்டு. கிரேஹவுண்ட் கம்பெனிக்காக 1954 முதல் 1956 வரை 1,001 ‘ஸீனிக்ரூஸர்’ பஸ்கள் செய்தார்களே, அவற்றில் மிஞ்சியவை பல இப்படித்தான் குடும்பஸ்தர்களிடம் வந்து சேர்ந்தன. நான் ஏறியது அதற்குப் பிந்தியது. 1973-க்கும் 1978-க்கும் இடையே வெளிவந்த எம்.ஸி.ஐ. எம்.ஸி-8 என்ற 40 அடி வண்டி. பின்புறத்தில் 8 சிலிண்டர் டெட்ராய்ட் டீசல் எஞ்சின். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினானதால் அதன் கூச்சலைக் கேட்பானேன்!

“மனிதனுக்கு 98.4 என்றால் இதற்கு எவ்வளவு?” என்று கேட்டேன்.

“சமதரையில் 180-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மலை ஏறும்போது 190, 195 வரை போகலாம். 200-ஐத் தொட்டால் ஏதாவது செய்தாக வேண்டும். 210 என்றால் ஓரம் கட்ட வேண்டும்” என்றார் பெரியவர். எல்லாம் பாரன்ஹீட் கணக்கு. 180 என்பது 82 சென்டிகிரேடு.

எரிகிற டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து கொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கி விட்டு வர வேண்டும். அது எப்போது போகலாம் என்பதைத் தீர்மானிக்கிற வாயில் காப்போன்தான் தெர்மோஸ்டாட். இந்த எஞ்சினில் அது சுமார் 170 டிகிரியில் கதவைத் திறக்க ஆரம்பித்து, 185 வாக்கில் முழுவதும் திறந்து விடுகிறது. அதுவரை தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்.

“அந்தக் கதவையே எடுத்து எறிந்து விட்டால் எப்போதும் குளுகுளுவென்று இருக்குமே?” என்று நான் கேட்டதும் அம்மாளுக்குச் சிரிப்பு வந்து விட்டது. புதிதாகப் பஸ் வாங்குகிற எல்லோரும் இதையேதான் கேட்கிறார்களாம். டீசல் எஞ்சினுக்கு அதிகச் சூடும் ஆகாது, அதிகக் குளிர்ச்சியும் ஆகாது. 160-க்குக் கீழேயே ஓடிக் கொண்டிருந்தால் எண்ணெய் சரியாக எரியாமல் வெண்புகை கக்கும். எரியாத டீசல், சிலிண்டர் சுவரில் இருக்கும் மசகெண்ணெயைக் கழுவி விடும். அப்புறம் சுவர் தேயாமல் என்ன செய்யும்?

விசிறி படுத்தும் பாடு

பேக்கரில் நாங்கள் நின்றிருந்தபோது பக்கத்தில் இன்னொரு வீட்டு பஸ் நின்றது. எங்களுடையதை விடப் புதிது. அதன் சொந்தக்காரன் ஓர் இளைஞன். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறதாம். முகத்தில் ஈயாடவில்லை. “விசிறி திடீரென்று இரைகிறது. கொஞ்ச நேரத்தில் அடங்கி விடுகிறது. மறுபடியும் இரைகிறது. முள்ளும் அதோடு ஏறி இறங்குகிறது. எஞ்சின் போய் விட்டதா?” என்று கேட்டான்.

பெரியவர் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்த வண்டியின் விசிறிக்கு கிளச் உண்டு. தண்ணீர் 195 வாக்கில் வந்ததும் கிளச் பிடித்துக் கொள்ளும். பத்து டிகிரி இறங்கியதும் விட்டு விடும். முள் கடலலை போல ஏறி இறங்குவதுதான் அதற்கு ஆரோக்கியம். பெரிய பஸ்ஸின் விசிறி முழு வேகத்தில் சுற்ற 20, 30 குதிரைசக்தி கூடச் சாப்பிட்டு விடும். சும்மா சுற்ற விடுவானேன் என்றுதான் இந்த ஏற்பாடு. குளிர்காலத்தில் விசிறி நாள் முழுவதும் பேசாமல் இருந்தாலும் பயப்பட வேண்டாம். ஓயாமல் இரைந்து கொண்டே இருந்தால்தான் பார்க்க வேண்டும். ஒன்று, ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். அல்லது விசிறிக்கு உத்தரவு போடுகிற கருவி பழுதாகியிருக்கலாம்.

எங்கள் எம்.ஸி-8-ன் கதை வேறு. எஞ்சினுக்கு மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ரேடியேட்டர்கள். அவற்றின் விசிறிகளை எஞ்சினே பெல்ட் மூலம் ஓட்டுகிறது. கிளச் கிடையாது. எஞ்சின் வேகமாகச் சுற்றினால் விசிறியும் வேகமாகச் சுற்றும். தண்ணீர் பம்பும் அப்படியே. எஞ்சின் பின்னால் இருப்பதால், காரைப் போல எதிர்க்காற்று வந்து ரேடியேட்டரின் முகத்தில் அடிக்காது. விசிறி தருகிற காற்றுதான் கதி. ஆகவே உயர்ந்த கியரிலேயே முக்கி முனகிக் கொண்டு மலை ஏறினால் என்ன ஆகும்? உஷ்ணம் உச்சத்தில் இருக்கும்போது காற்றும் தண்ணீரும் குறைந்து போகும். அதற்கு முன்பே கியரைக் குறைத்து, எஞ்சினைக் கூவ விட்டு, வண்டியை மெதுவாக ஏற்ற வேண்டும். கேட்கிறவர்களுக்கு எஞ்சினைக் கொல்கிற மாதிரி இருக்கும். உண்மையில் காப்பாற்றுகிற காரியம் அது.

“கம்பெனியில் ஓடியபோது இதே வண்டி இதே மலையை ஏறித்தானே இருக்கும்? அப்போது வராத ஜுரம் வீடானதும் ஏன் வருகிறது?” என்று கேட்டேன்.

அதற்குப் பதில் ஒன்றல்ல. பலர் பழைய கியர்பெட்டியை எடுத்து விட்டுத் தானியங்கிக் கியர்பெட்டி போடுகிறார்கள். அதன் எண்ணெய்ச் சூட்டையும் அதே தண்ணீர்தான் சுமக்க வேண்டும். இன்னும் வேகம் வேண்டுமென்று பெரிய இன்ஜெக்டர் மாட்டுகிறார்கள். அதிக எண்ணெய், அதிகச் சூடு. படுக்கை அறையில் சத்தம் கேட்கக் கூடாதென்று எஞ்சின் அறையை அடைத்துக் காற்று வழியை மறிக்கிறார்கள். போதாக்குறைக்குப் பின்னால் ஒரு காரையும் கட்டி இழுக்கிறார்கள். பழைய எஞ்சின் கசிகிற எண்ணெயில் பாலைவனத் தூசி ஒட்டி ரேடியேட்டரில் கம்பளம் நெய்து விடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்றும் உண்டு. அந்தக் காலத்துக் கோச்சுகள் பலவற்றில் டிரைவர் முன்னால் உஷ்ண மீட்டரே கிடையாது, ஒரு சிவப்பு விளக்குதான். கம்பெனி டிரைவர் 195-ல் ஓட்டினாரோ 200-ல் ஓட்டினாரோ, அவருக்கே தெரியாது! பாதி ஜுரம் மீட்டர் வைத்த பிறகு வந்த ஜுரம் என்று அம்மாள் சொன்னது வேடிக்கைக்காக மட்டுமல்ல.

முள் இறங்கிய கதை

பேக்கரிலிருந்து ஹாலோரன் உச்சிக்குச் சுமார் 17 மைல். அதற்குள் 3,000 அடிக்கு மேல் ஏற வேண்டும். எஞ்சின் கொதிக்காமல் இருக்க ஏர் கண்டிஷனை அணையுங்கள் என்று சாலையோரத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். எங்களுடையது தனி ஜெனரேட்டரில் ஓடியதால் அணைக்கவில்லை.

“186.” சற்றுப் பொறுத்து, “191.” பெரியவர் கியரைக் குறைத்தார். எஞ்சின் கூவியது. லாரிகள் கூட எங்களை முந்திப் போயின. “195. 198.” நான் ஆசனத்தின் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டேன். “200.”

பெரியவர் கையை நீட்டி ஹீட்டரைத் திறந்தார். ஆமாம், ஜூலை மாதப் பாலைவனத்தில் ஹீட்டர்! அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தானே? எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை எங்கள் தலையில் கட்டி விட்டது. தலைக்கு மேலே குளிர், காலுக்குக் கீழே அடுப்பு.

“198” என்றார் அம்மாள். உடனே, “ஏன்?” என்றும் கேட்டார்.

“ஹீட்டர்” என்றார் கணவர்.

இறங்கினால் சந்தோஷப்படாமல் காரணம் கேட்பானேன்? உச்சியில் வண்டியை நிறுத்திய பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பஸ் வாங்கிய இரண்டாம் வருஷம் இதே போல ஒரு மலை ஏறியிருக்கிறார்கள். முள் 195-ல் இருந்தது. பிறகு 185, 175 என்று இறங்கியது. பெரியவர் குஷியாக ஒரு பாட்டைக் கூட முணுமுணுத்தாராம். தரைக்கு அடியில் ரப்பர் குழாய் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போயிருந்தது அவருக்குத் தெரியாது. முள்ளுக்குச் சேதி சொல்கிற உணர்வுக் குமிழ் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். அது வெறுமனே தொங்கிக் கொண்டு குறைத்துச் சொல்லியிருக்கிறது. தீய்ந்த வாசனை வந்து நிறுத்தியபோது நான்கு பிஸ்டன்கள் சிலிண்டரோடு ஒட்டியிருந்தன. இந்த வகை எஞ்சினைச் சாலை வண்டிகளுக்குச் செய்வதையே 1990-களின் நடுவில் நிறுத்தி விட்டார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள். ஆறு வாரம் ஒரு பட்டறை வாசலில் குடித்தனம். சேமிப்பில் பாதி போயிற்று. வேறு வீடு இல்லையே, என்ன செய்வார்கள்?

அதற்குப் பிறகு வண்டியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மீட்டர்கள் வந்தன. எஞ்சினின் இரு வரிசைக்கும் தனித்தனித் தெர்மோஸ்டாட் ஆயிற்றே! தண்ணீர் குறைந்தால் அலறுகிற மணி ஒன்று வந்தது. குறி பார்த்துச் சுட்டால் உஷ்ணம் சொல்கிற கைத்துப்பாக்கி வந்தது; மீட்டர் பொய் சொல்கிறதா என்று வாரம் ஒருமுறை அதனால் சரிபார்க்கிறார்கள். மலை என்றால் அம்மாள் எண்களை உரக்கச் சொல்வதும் அப்போது வந்த பழக்கம்தான். ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, கணவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

உச்சியில் எஞ்சினை உடனே அணைக்கவில்லை. ஐந்து நிமிஷம் கொஞ்சம் வேகமாகவே சும்மா ஓட விட்டு, 180-க்கு வந்த பிறகு நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து, பெல்ட்களையும் குழாய்களையும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

பிறகு இறக்கம். ஆக்ஸிலேட்டரில் கால் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. விசிறியின் ஓசை தணிந்தது. ஹீட்டரை மூடினார்கள்.

“168” என்றார் அம்மாள்.

“இறக்கம்” என்றார் கணவர்.

அம்மாள் எழுந்து காபி போடப் போனார்.