பழையகோட்டையும் காங்கயம் காளையும்

பிரான்ஸ் தேசத்துப் போர்தோ சீமையில், திராட்சைத் தோட்டத்தின் நடுவே நிற்கும் மாளிகையின் பெயராலேயே அத்தோட்டத்து மதுவும் வழங்கப்படுகிறது. மண், கொடி, அவற்றைப் பேணியவர் கை ஆகிய மூன்றும் கூடியே அப்பெயருக்கு மதிப்பைத் தந்தன. கொங்கு நாட்டில் அத்தகைய கீர்த்தி ஒரு மாட்டினத்தைச் சார்ந்தது. அதனோடு இணைத்துச் சொல்லப்படும் ஊர் பழையகோட்டை.

இவ்வூர் அடங்கிய காங்கயம் வட்டம் முன்னர் கோயமுத்தூர் ஜில்லாவிலும், பின்னர் ஈரோடு மாவட்டத்திலும் இருந்து, 2009-ஆம் ஆண்டில் திருப்பூர் மாவட்டத்தில் சேர்ந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர்கள் சர்க்கரை மன்றாடியார் என்னும் பட்டம் உடையவர்கள். அவர்களுள் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கயம் இனத்தை நிலைநிறுத்தியவருள் முதன்மையானவராகப் போற்றப்படுகிறார். லிட்டில்வுட் என்னும் கால்நடை அதிகாரி 1936-இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றிய நூலிலும் இவ்வினம் விவரிக்கப்பட்டுள்ளது.

கொறங்காடு

இவ்வினத்தின் உறுதிக்கு மேய்ச்சல் நிலமே மூலாதாரம். மழை குறைந்த இப்பிரதேசத்தில் முள்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விடுவது வழக்கம். இதுவே கொறங்காடு எனப்படும். ஒரு காட்டில் மாடுகள் மேய்கையில் மற்றொன்றில் புல் தழைக்கும். புல் குறையும் கோடையில் வெள்வேலங்காய் தீனியாக உதவும்.

இனத்தின் இயல்பு

கன்றுகள் செந்நிறமாகப் பிறந்து, சுமார் ஆறு மாதத்தில் மயிலை நிறம் பெறும். பூச்சிக்காளைக்குத் தலை, கழுத்து, திமில், பின்பகுதி ஆகியவை கருத்திருக்கும். காயடித்த எருதுக்கு அக்கருமை குறையும். ஆழ்கிணற்றில் கவலை இறைக்கவும், பாரவண்டி இழுக்கவும் இவை நிகரற்றவை. பசுவின் பால் சொற்பமே.

நேர்ந்த மாறுதல்

மின்சாரப் பம்பு கவலையை நீக்கிற்று. டிராக்டர் ஏரை நீக்கிற்று. பாலுக்காகக் கலப்பினப் பசுக்கள் வந்தன. பின்னலாடைத் தொழில் பெருகிய இச்சீமையில் மேய்ச்சல் காடுகள் பல மனைகளாகவும் ஆலைகளாகவும் மாறின. 2017-ஆம் ஆண்டு ஜனவரியில் நிகழ்ந்த ஜல்லிக்கட்டுக் கிளர்ச்சிக்குப்பின் நாட்டு மாடுகளின்பால் மக்கள் கவனம் திரும்பியது. பழையகோட்டையில் ஞாயிறுதோறும் காங்கயம் மாடுகளுக்கென்றே கூடும் சந்தையும் இவ்வினத்தை வளர்ப்போருக்கு ஊக்கமளிப்பதாகும்.

ஆயினும் சந்தை மாத்திரம் ஓர் இனத்தைக் காவாது. கொடியை வெட்டியபின் மாளிகையின் பெயர் மதுவைத் தாராது. அவ்வாறே கொறங்காடு அழிந்தபின் பழையகோட்டையின் பெயர் காளையைத் தாராது. நிலமுள்ள குடியானவர்கள் தங்கள் மேய்ச்சற் காட்டில் ஒரு பகுதியையேனும் உழாமலும் விற்காமலும் வைத்து, கிளுவை வேலியில் விழும் சந்துகளை மழைக்காலத்தில் போத்து நட்டு அடைத்தல் வேண்டும். ஊருக்கு ஒரு நல்ல பூச்சிக்காளையேனும் நிற்குமாறு பலர் கூடி ஏற்பாடு செய்தல் நலம். புறம்போக்கு மேய்ச்சல் நிலங்கள் ஆக்கிரமிக்கப்படாமல் காப்பது கிராம அதிகாரிகளின் கடமையாகும்.