பதினொன்றுக்குப் போகலாமா?

வீட்டுக் கம்ப்யூட்டரின் விண்டோஸை மாற்றுவது பலருக்கு ஒரு பொத்தான் சமாச்சாரம். தமிழில் எழுதிப் பிழைப்பவர்களுக்கு அப்படி இல்லை.

தொம்மலூரில் என் வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 2016இல் வாங்கியது. அதன் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 2025இல் அது ஒரே அறிவிப்பைத் திரும்பத் திரும்பக் காட்டத் தொடங்கியது: அக்டோபர் 14க்குப் பிறகு விண்டோஸ் 10க்கு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. சரி, விண்டோஸ் 11க்கு மாறிவிடலாம் என்று பார்த்தால், இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்தத் தகுதி இல்லை என்றது அதே திரை. எஸ்.பி. ரோட்டிலிருந்து வந்த மெக்கானிக் பையன் யோசிக்கவே இல்லை. "புதுசு வாங்கிடுங்க சார்."

விண்டோஸ் 10தான் கடைசிப் பதிப்பு என்று 2015இல் மைக்ரோசாஃப்ட் ஊழியர் ஒருவரே மாநாட்டு மேடையில் சொன்னார். ஆறே ஆண்டுகளில், 2021 அக்டோபரில், பதினொன்று வந்துவிட்டது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை சந்தைக்கு வந்ததே 2017இல்தான். அதற்கு முந்தையவை எவ்வளவு நன்றாக ஓடினாலும் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. குறுக்கு வழியில் ஏற்றித் தருபவர்கள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றியவற்றுக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று நிறுவனம் கைவிரித்துவிட்டது. மாறுவதே திருத்தத்துக்காகத்தானே?

மாறாமலே இருந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு 2017 மே மாதம் நினைவிருக்கலாம். வானாக்ரை என்ற நிரல் உலகெங்கும் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின. ஆந்திர போலீஸின் கம்ப்யூட்டர்கள் சிலவும் சிக்கின. அதற்கான திருத்தம் மார்ச் மாதமே வெளியாகியிருந்தது. அதைப் போட்டுக்கொள்ளாத கம்ப்யூட்டர்கள்தான் மாட்டிக்கொண்டன. திருத்தமே வராத கம்ப்யூட்டரில் வங்கிக் கணக்கைத் திறப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

என்றாலும், என்னைத் தயங்க வைத்தது 'டி' டிரைவில் உள்ள ஒரு ஃபோல்டர். 2003 முதல் 2010 வரை நான் மொழிபெயர்த்த கட்டுரைகள், இரண்டு முழுப் புத்தகங்கள், எல்லாம் அதில்தான். எல்லாமே பழைய எழுத்துருக்களில் அடித்தவை.

இளைய வாசகர்களுக்கு இது புரியாமல் போகலாம். யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றது. விண்டோஸ் 2000க்கு அது புரிந்தது. ஆனால் அச்சகங்களில் ஆட்சி செய்தது பேஜ்மேக்கர். 2001இல் வந்த அதன் கடைசிப் பதிப்புக்குக்கூட யூனிகோடு தெரியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரு குறியீடுகளை அரசு ஏற்றது. பாமினி, டிஸ்கி என்று மற்றவையும் புழங்கின. இவையெல்லாம் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இருக்கைகளில் தமிழை உட்கார வைத்த ஏற்பாடுகள். எழுத்துரு இல்லையென்றால் 'அம்மா' வெறும் கிறுக்கல். தமிழக அரசு யூனிகோடை முறைப்படி ஏற்றது 2010 ஜூனில்தான்.

எங்கள் பேட்டையின் சொக்கநாதசுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் இன்றும் வாசிக்கிறார்கள். 2004இல் நான் அடித்ததை அடுத்த வீட்டுக் கம்ப்யூட்டர் வாசிக்காது.

பழைய எழுத்துரு விண்டோஸ் 11இலும் ஏறிவிடும். அதில் தட்டச்சு செய்ய உதவிய அந்தக் கால மென்பொருள் ஏறும் என்று நம்ப முடியாது. பதினொன்று 64 பிட்டில் மட்டுமே வருகிறது; 16 பிட் காலத்து நிரல்கள் அதில் ஓடாது. என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்ற இலவச மாற்றிகள் யூனிகோடுக்கு மாற்றித் தருகின்றன என்பது உண்மை. ஆனால் பாமினியில் அடித்த கட்டுரைக்கு நடுவே ஆங்கிலப் பெயர் இருந்தால் அதையும் தமிழ் என்று நினைத்து உளறிவைக்கும். ஒவ்வொரு பக்கத்தையும் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

இணையம், கடிதம், சினிமா என்று இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. பழைய கம்ப்யூட்டரில் இலவசமாகவே லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய மாணவர் மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்பது வேறு கதை.

எனக்குக் கைகொடுத்தது தவணைதான். வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 30 டாலர் கட்டலாம். கம்ப்யூட்டரின் அமைப்புகளை அவர்களது கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். சம்மதித்தேன். அந்த ஓராண்டை ஃபோல்டருக்கு ஒதுக்கினேன். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, எழுத்துருக்களையும் அதிலேயே போட்டேன். பிறகு தினமும் இரவு ஒரு மணி நேரம், மூலக் கோப்பையும் மாற்றியதையும் அருகருகே வைத்துச் சரிபார்ப்பு. முதல் புத்தகத்தில் ஆங்கிலப் பெயர்கள் அதிகம், அதனால் அதுவே இரண்டு மாதம் பிடித்தது. மெக்கானிக் பையன் இடையில் ஒருமுறை போன் செய்து, புதுசு எப்போது என்று கேட்டான். இரண்டாவது புத்தகம் முடியட்டும் என்று சொல்லிவைத்தேன்.